கிராவல் ரோடும் மாமாவோட மேப்பும்

போன வாரம் கேன்டீன்ல உட்கார்ந்திருந்தப்ப கூடப் படிக்கிற ஒருத்தன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டுல யாரோ ஒருத்தர் ஆத்தங்கரையோரமா சைக்கிள்ல போறார். தார் ரோடு இல்ல, பொடிக்கல் போட்ட பாதை. ரெண்டு பக்கமும் நாணல், வாத்து, லேசா பனி. கார் இல்ல, பைக் இல்ல, ஹாரன் இல்ல. "இதுக்குப் பேரு கிராவல் சைக்கிளிங். அந்த சைக்கிள் விலை ரெண்டு லட்சம்"னான்.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா எங்க ஊர்ல கிராவல்னா லாரி. ஏரியில சவுடு மண்ணும் கிராவல் மண்ணும் அள்ளிக்கிட்டு, மேல தார்ப்பாய் போட்டும் போடாமலும் பறக்கிற டிப்பர் லாரி. "கிராவல் வண்டி வருது, ஓரமா நில்லு"ங்கறதை சின்ன வயசுல இருந்து கேட்டே வளர்ந்தவ நான்.

ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தா, அந்த வீடியோவுல இருக்கறவர் செய்யற அதே வேலையைத்தான் நான் ப்ளஸ் ஒன்ல இருந்து செஞ்சுட்டு வர்றேன். சைக்கிள் மட்டும் ரெண்டு லட்சம் இல்ல, கவர்மென்ட் ஃப்ரீ சைக்கிள் :-)

காக்களூர் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சென்ட்ரல்ல அரக்கோணம் லோக்கல் ஏறினா திருவள்ளூருக்கு முந்தின ஸ்டேஷன் புட்லூர். அங்க இறங்கினா எங்க ஊர் பக்கம்தான். சிட்கோ தொழிற்பேட்டை இருக்கு, ஆவின் பால் பண்ணை இருக்கு, பெரிய ஏரி ஒண்ணு இருக்கு. நடுவுல சென்னை - திருப்பதி ரோடு. இந்த ரோட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. காலையில ஷிஃப்டு பஸ், ஸ்கூல் வேன், கன்டெய்னர், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்துல ஒரே இடத்துக்குள்ள நுழையப் பார்க்கும்.

எங்க சின்ன மாமா (அம்மாவோட தம்பி) பேட்டையில ஒரு கம்பெனியில லேத் ஓட்டிட்டு இருந்தார். ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் வச்சிருந்தார். அம்பத்தூர்ல 1949ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி வண்டி, தாத்தா வாங்கினது. 2018 ஐப்பசி மாசம், செகண்ட் ஷிஃப்டு முடிஞ்சு ராத்திரி வரும்போது மெயின் ரோட்டுல ஏதோ ஒரு வண்டி அடிச்சுட்டு நிக்காம போயிடுச்சு. என்ன வண்டின்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இடது கால்ல ராடு வச்சாங்க. அப்புறம் லேத் முன்னாடி எட்டு மணி நேரம் நிக்க முடியல, வேலை போச்சு. இப்ப ஊன்றுகோலோட நடக்கறார், வீட்டு வாசல்ல சின்னதா ஒரு பெட்டிக்கடை.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல சைக்கிள்ங்கற வார்த்தைக்கே தடை. எனக்கு ப்ளஸ் ஒன்ல ஃப்ரீ சைக்கிள் கிடைச்சப்ப அம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கே, ஏதோ பாம்பைக் கூட்டிட்டு வந்த மாதிரி. (இந்தத் திட்டம் 2001ல பட்டியலின மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, அப்புறம் எல்லாருக்கும் வந்துச்சு. அந்த சைக்கிளைக் கிண்டல் பண்றவங்க நிறைய பேர். மட்கார்டு கடகடன்னு ஆடும்தான். ஆனா எங்க ஸ்கூல்ல படிப்பை நிறுத்தாம வந்த பொண்ணுங்க எத்தனை பேர் அதுல வந்தாங்கன்னு எனக்குத் தெரியும்.) ரெண்டு நாள் சாப்பிடாம அடம் பிடிச்சதுக்கு அப்புறம் அம்மா ஒரு கண்டிஷனோட ஒத்துக்கிட்டாங்க. மெயின் ரோட்டுல ஏறி ஓட்டக் கூடாது. குறுக்கே தாண்டணும்னா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும். கூட தம்பியைக் கூட்டிட்டுப் போகணும்.

மெயின் ரோடு இல்லாம காக்களூர்ல எங்க போறது? இதைத்தான் மாமாகிட்ட கேட்டேன்.

அவர் கடையில தொங்கிட்டு இருந்த காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் மேப் போட ஆரம்பிச்சார். இன்னும் என்கிட்ட அது இருக்கு. அந்த மேப்ல விசேஷம் என்னன்னா, ரோடே கிடையாது. ஏரி, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், அடுத்த ஏரி, அதோட மதகு... எல்லாமே தண்ணி சம்பந்தப்பட்டது. "இன்னாத்துக்கு பாப்பா ரோடு? தண்ணி போற வழியிலயே போ. ஒரு ஏரி ரொம்பினா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குத்தான் போவும். நீயும் அப்டியே போ. பூண்டி வரைக்கும் நான் தார் ரோட்டுல போனதே இல்ல"ன்னார். கல்யாணத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஆனா தூண்டில் எடுத்துக்கிட்டுப் பூண்டிக்குக் கிளம்பிடுவாராம்.

யோசிச்சுப் பார்த்தா இது எவ்வளவு பெரிய விஷயம். திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மூணு மாவட்டத்துலயும் ஏரிங்க சங்கிலி மாதிரி கோத்து இருக்கு. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கரை. கரைக்கு மேல மண்ணைக் கொட்டி இறுக்கி வச்சிருப்பாங்க. எங்கயாவது உடைப்பு வருதான்னு பார்க்கவும், மதகைத் திறக்கவும் ஆள் போகணுமே, அதுக்காக. கால்வாய்க்கும் அதே மாதிரி பக்கத்துலயே ஒரு பாதை ஓடும். சைக்கிள் டிராக் போடறேன்னு யாரும் போடல. தண்ணியைக் காவல் காக்கறதுக்காகப் போட்டது, தானா சைக்கிள் பாதை ஆயிடுச்சு.

இன்னொரு லாபமும் இருக்கு. கால்வாய் தண்ணி பம்பு போட்டு ஓடறது இல்ல, சரிவுலதான் ஓடும். அந்தச் சரிவும் ரொம்ப அதிகமா இருந்தா கரையை அரிச்சுடும். அதனால கண்ணுக்கே தெரியாத அளவு சரிவாத்தான் வெட்டி இருப்பாங்க. அதாவது கால்வாய்க்கரையில போனா ஏத்தமே வராது. கியர் இல்லாத சைக்கிளுக்கு இதைவிட என்ன வேணும். (ஆடி மாசத்து எதிர்க்காத்துல மட்டும் போயிடாதீங்க. அனுபவிச்சுச் சொல்றேன்.)

முதல் தடவை நானும் தம்பியும் மேப்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பினது 2022 தை மாசம். வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர்கூட போயிருக்க மாட்டோம், மேப் தப்பாயிடுச்சு. மாமா போட்ட முதல் ஏரிக்கரை (ஊர்ல எல்லாருக்கும் தெரியும், பேர் வேண்டாம்) பாதி தூரத்துல சீமைக்கருவேலங்காடா இருந்துச்சு. ஆளே நுழைய முடியாது. அதுக்கு இந்தப்பக்கம் முழுக்க குப்பை, உடைஞ்ச டைல்ஸ், கோழிக்கடைக் கழிவு. ரெண்டு டயரும் பஞ்சர். சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்து மாமாகிட்ட, "கரையில வழியே இல்ல மாமா"ன்னு சொன்னேன்.

"தெரியும்"னார்.

"தெரிஞ்சும் ஏன் மேப்ல போட்டீங்க?"

கொஞ்ச நேரம் பேசல. பீடிக்கட்டை எடுத்து அடுக்கிட்டு இருந்தார். அப்புறம்தான் சொன்னார். அந்தக் கரை பேட்டையோட பின்பக்கத்துக்குப் போய் சேரும். பல வருஷம் அவர் ஷிஃப்டுக்குப் போனதும் வந்ததும் அதுலதான். மெயின் ரோட்டைக் கண்ணாலயே பார்க்க வேணாம். 2018ல முள்ளு மண்டி, குப்பை ஏறி, அந்த மழைக்காலத்துல சுத்தமா அடைஞ்சு போச்சு. அன்னிக்கு ராத்திரியும் முதல்ல கரைக்குத்தான் போயிருக்கார். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பி மெயின் ரோட்டுக்கு வந்திருக்கார். இதை அவர் அம்மாகிட்ட சொன்னதே இல்லையாம்.

இந்த இடத்துல நான் ஏதாவது எழுதணும்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒண்ணும் தோணல. மேல போறேன்.

அப்புறம் வேற வழியில சுத்திப் போய் மேப்போட ரெண்டாவது ஏரியில இருந்து பிடிச்சோம். மெயின் ரோட்டை ஒரே ஒரு இடத்துல இறங்கித் தள்ளித் தாண்டணும். ஈக்காடு பக்கம் வந்துட்டா வயல்தான். நாலு தடவை வழி தப்பி, ஒரு தடவை நாய் துரத்தி, அஞ்சாவது தடவை பூண்டி போய்ச் சேர்ந்தோம். நேர் ரோட்டுல போறதைவிட ஜாஸ்திதான், எங்க சுத்து வழியில 17 கிலோமீட்டர் வந்துச்சு. மாமாவோட காலத்துக் கரையில பாதி காணாமப் போயிடுச்சு. ஒரு இடத்துல கரையையே வெட்டி மனைப்பிரிவுக்கு வழி விட்டிருந்தாங்க. ஆனா மிச்சம் இருக்கறது போதும்.

பூண்டியைப் பத்தி சொல்லணும். மெட்ராஸ் மேயரா இருந்த சத்தியமூர்த்தி முயற்சியில கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்கே கட்டினது. 1944ல முடிஞ்சது, அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க, சத்தியமூர்த்தி சாகர். முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1983ல ஆந்திராவோட ஒப்பந்தம் போட்டு, 1996ல கிருஷ்ணா தண்ணி ஊத்துக்கோட்டை எல்லைக்கு வந்துச்சு இல்லையா, அதுவும் இங்கதான் வந்து விழுது. இங்க இருந்து ஒரு கால்வாய் புழல் பக்கம் போகுது. இன்னொண்ணு திருப்பதி ரோடு, ரயில் பாதை, கூவம் எல்லாத்தையும் தாண்டி செம்பரம்பாக்கத்துக்குப் போகுது. மெட்ராஸ்ல நீங்க பல் தேய்க்கிற தண்ணியில கொஞ்சம் எங்க ஊர்ப் பக்கமா நடந்து வந்ததுதான் :-)

2019 ஜூன்ல சென்னைக்குக் குடிநீர் தர்ற ஏரிங்க வறண்டு போய் உலகமே பேசிச்சே, அப்ப பூண்டியும் பொட்டல்தான். அதே பூண்டியில 2021 நவம்பர்ல உபரி நீரைத் திறந்துவிட்டு கொசஸ்தலை ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. நாங்க முதல்ல போனது அதுக்கு அடுத்த சில மாசத்துல. தண்ணி விளிம்பு வரைக்கும் நின்னுச்சு. நத்தைகுத்தி நாரை கும்பலா சேத்துல நிக்குது, நீர்க்காகம் ரெக்கையை விரிச்சுக் காயவைக்குது, தூரத்துல கூழைக்கடா. தம்பி அதைப் பார்த்துட்டு "அக்கா, போட்டுன்னு நெனச்சேன்"னான்.

அங்க ஊன்றீஸ்வரர் கோயில் இருக்கு. பழைய கோயில் அணை கட்டினப்ப தண்ணிக்குள்ள போயிடும்னு பெயர்த்துக் கொண்டுவந்து இப்ப இருக்கற இடத்துல கட்டினாங்க. கண் பார்வை போன சுந்தரர் இங்க வந்து வேண்டினப்ப, சாமி பார்வை தரல, ஒரு ஊன்றுகோலைக் கொடுத்தாராம். அதான் அந்தப் பேர். மாமாகிட்ட இதைச் சொன்னேன். "எனக்கு ஆஸ்பத்திரியில நானூறு ரூபா வாங்கிட்டுக் கொடுத்தாங்க"ன்னார்.

பூண்டியிலயே தொல்லியல் துறையோட அகழ்வைப்பகம் ஒண்ணு இருக்கு. உள்ள கண்ணாடிப் பெட்டியில கல் கோடாரி. கொஞ்சம் தள்ளி அத்திரம்பாக்கம்னு ஒரு ஊர், அங்க 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் ஆதி மனுஷனோட கல் கருவிங்களைக் கண்டுபிடிச்சாங்க. சாந்தி பப்பு குழு பிற்பாடு அங்க தோண்டி, அதுல பழசு 15 லட்சம் வருஷத்துக்கு முந்தினதுன்னு 2011ல வெளியிட்டாங்க. இந்தியாவுலயே ரொம்பப் பழைய கருவிங்கள்ல அதுவும் ஒண்ணு. எனக்குப் பிடிச்சது என்னன்னா, அந்தக் கல்லெல்லாம் கிடைச்சதுல பங்கு கிராவல் அடுக்குக்கும் உண்டு. அல்லிக்குழி மலைப்பக்கம் இருந்து உருண்டு வந்த கூழாங்கல்லைத்தான் தட்டிக் கோடாரி பண்ணியிருக்காங்க. 15 லட்சம் வருஷம் முன்னாடியும் இந்த ஆத்தங்கரையில யாரோ கிராவல் மேல நடந்து போயிருக்காங்க. அதே கிராவலைத்தான் இப்ப யூனிட் கணக்குல லாரியில ஏத்தறோம்.

இதுவரைக்கும் படிச்சுட்டு, ஆஹா சூப்பர், அடுத்த ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்னு நினைச்சா, கொஞ்சம் பொறுங்க. வண்டி இல்லாத பாதைன்னா ஆள் இல்லாத பாதைன்னும் அர்த்தம். அந்த வீடியோவுல வர்றவருக்கு அது அமைதி. எனக்கு அப்படி இல்ல. ஒரு பொண்ணு தனியா ஏரிக்கரையில சைக்கிள்ல போறா, எதிர்ல மூணு பேர் பாட்டிலோட உட்கார்ந்திருக்காங்கன்னா அந்த அமைதியை வச்சு என்ன பண்றது? மெயின் ரோட்டுல லாரி பயம், இங்க இந்த பயம். தம்பி கூட வர்றதால பயம் குறையும், போகாது. மாடு மேய்க்கிற ஆயாங்க, நாத்து நடறவங்க இருக்கற நேரம் பார்த்து, காலையில ஆறரைக்கு மேல கிளம்பி ஒன்பதுக்குள்ள திரும்பறதுன்னு வச்சிருக்கோம். அந்த ஆயாங்களுக்கு இப்ப எங்களைத் தெரியும். "எங்க இன்னைக்கு லேட்டு?"ன்னு கேட்பாங்க. எனக்கு அதுதான் போலீஸ் ஸ்டேஷன்.

ரெண்டாவது பயம் லாரியேதான். கரை நல்லா கெட்டியா இருந்தா சைக்கிளுக்கு வசதி, டிப்பருக்கு அதைவிட வசதி. ஒரு தடவை ஏரி உள்வாயில இருந்து மண் ஏத்திக்கிட்டு ஒண்ணு கரை மேலயே ஏறி வந்துச்சு. ஒதுங்க இடமே இல்ல. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் முள்ளு. நாங்க முள்ளுப் பக்கம் சைக்கிளோட சரிஞ்சோம். டிரைவர் நிறுத்தி, இறங்கி வந்து தூக்கிவிட்டார், பாவம், அவருக்கும் கை நடுங்குச்சு. அதை இன்னும் அம்மாகிட்ட சொல்லல. (அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கற தைரியம்.)

லண்டன்ல லீ ஆத்துப் பள்ளத்தாக்குல, ஊருக்குக் குடிதண்ணி தர்ற பத்து நீர்த்தேக்கம் இருக்கற வால்தம்ஸ்டோவை 2017ல பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாங்க. தண்ணியும் போகுது, பறவையும் இருக்கு, ஜனங்க நடந்தும் சைக்கிள்லயும் போறாங்க. அமெரிக்காவுல கான்சாஸ்ல 2006ல 200 மைல் கிராவல் பந்தயமே ஆரம்பிச்சாங்க. இதைப் படிச்சப்ப எனக்கும் ஆசை வந்துச்சு, பூண்டியில இருந்து செம்பரம்பாக்கம் வரைக்கும் ஒரு சைக்கிள் பாதைன்னு. ஆனா நம்ம ஊர்ல பாதை போடறதுன்னா என்ன ஆகும்னும் தெரியும். பேவர் பிளாக், ஸ்டீல் கம்பி, கலர் லைட்டு, ஊர் பேரை எழுதி முன்னாடி ஒரு ஹார்ட்டு, பார்க்கிங். பார்க்கிங் வந்தா கார் வரும். அப்புறம் வண்டி இல்லாத பாதை எங்க இருக்கு?

என்னைக் கேட்டா ரெண்டே வேலை போதும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னாடி, கரை மேல முள்ளை வேரோட வெட்டணும். கரை பலமா இருக்கவும் அது வேணும், வெள்ளத்துல மணல் மூட்டை தூக்கிட்டு ஆளுங்க ஓடவும் வேணும். சைக்கிளுக்குன்னு தனியா செலவு இல்ல. இன்னொண்ணு, கரை ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு கல்லு நடணும், சைக்கிளும் மாடும் நுழையற மாதிரி, டிப்பர் நுழையாத மாதிரி. மண் எடுக்க அனுமதி இருந்தா உள்வாய் வழியா போகட்டுமே, கரை எதுக்கு.

இந்த வைகாசியில அந்த முதல் கரையில முள்ளு வெட்டினாங்க. ஏரி வேலைன்னு ஜே.சி.பி. வந்து நாலு நாள்ல எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுச்சு. தம்பி ஓடி வந்து சொன்னான். அடுத்த நாள் காலையில சைக்கிளை எடுத்துட்டுப் போய் மாமா கடை முன்னாடி நிறுத்தி, "ஏறுங்க"ன்னேன். முதல்ல மாட்டேன்னார். அப்புறம் கடையை அத்தைகிட்ட ஒப்படைச்சுட்டுக் கேரியர்ல பக்கவாட்டுல உட்கார்ந்தார். ஊன்றுகோலை மடியில குறுக்கே வச்சுக்கிட்டார். தம்பி பின்னாடி ஓடி வந்தான். அம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டே இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல.

கரை புதுசா, செம்மண்ணா இருந்துச்சு. பிடுங்கின வேருங்க ஓரமா குவிஞ்சு கிடந்துச்சு. டயருக்கு அடியில கல்லு நொறுங்கற சத்தம் மட்டும். அவரோட எடையில எனக்கு மூச்சு வாங்குச்சு. பழைய மதகுகிட்ட வந்தப்ப "நிறுத்து"ன்னார். இறங்கி, கம்பை ஊன்றி நின்னு ரெண்டு பக்கமும் பார்த்தார். "இங்க வரைக்கும் வந்துட்டுத்தான் திரும்பினேன்"னார். அப்புறம் திரும்ப ஏறிக்கிட்டு, "போ, அந்தாண்ட போ"ன்னார்.

பேட்டையோட பின்பக்கச் சுவர் வந்துச்சு. உள்ள மெஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு.

"வீட்டுல இருந்து எவ்ளோ நேரம் ஆச்சு?"ன்னு கேட்டார்.

தம்பி மூச்சு வாங்கிக்கிட்டே போனைப் பார்த்தான். "நின்ன நேரத்தையும் சேர்த்து பதினாலு நிமிஷம் மாமா."

"எனக்கு ஒன்பது ஆவும்"னார்.